கேள்வியும் நாமே... பதிலும் நாமே!



மலருக்குக் கட்டுரை கேட்டபோது "நேரத்தின் அருமை" மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனசில் ஒரு பாரம் கிடக்கு. போன வருஷம் நம் பேரவை நடத்திய வினாடி வினாவில் நான் சொன்ன "தப்பு" என்கிற ஒரே வார்த்தையால் ஓர் அணி வெளியே போச்சு. அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் சரிப்படாது.

ஆறு பாலிடெக்னிக் அணிகள். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரைக்கும் கம்பெனி பஸ் ஓடுகிற இந்தப் பக்கத்துப் பசங்கதான் பெரும்பாலும். சென்னையில் இருந்து ஒரு குவிஸ் மாஸ்டரைக் கூப்பிடலாம் என்றார்கள் சிலர். கடையில் பொது அறிவுப் புத்தகம் வாங்கினால் வேலை முடிந்தது என்றார்கள் சிலர். நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன்: "கலந்துக்கிற அணிகளே ஆளுக்கு இருபது கேள்வி எழுதி அனுப்பட்டும்."

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1953-லேயே ரேடியோவில் கல்லூரி அணிகளின் வினாடி வினா வந்துவிட்டது. பிற்பாடு அங்கே பல போட்டிகளில் விளையாட வரும் அணிகளே கேள்விக் கட்டு எழுதி அனுப்பும் பழக்கமும் வந்தது. சீக்கிரம் அனுப்பினால் நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி கூட உண்டாம்! நம் நாட்டில் 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் தொடங்கி வைத்தார். 1985-இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு வந்தார். ஆனால் மேடையில் ஒருத்தர் கேட்பார், நாம் விழிப்போம். அதுதான் நமக்குப் பழக்கம். வகுப்பில் அப்படி, வைவாவில் அப்படி, கேம்பஸ் இன்டர்வியூவில் அப்படி. டிப்ளமோ படித்தவன் பதில் சொல்லப் பிறந்தவன் என்றே முடிவு கட்டியாச்சு. ஒரு தடவையாவது நாம் கேட்டால் என்ன?

அப்போ வினாத்தாள் அவுட் ஆகிடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுது. அதற்கு ஒரு வழி செய்தோம். மூன்று மூன்று அணியாக இரண்டு பிரிவு. முதல் பிரிவின் மூன்று ஆட்டத்துக்கு இரண்டாம் பிரிவு எழுதிய மூன்று கட்டு. அந்தப் பிரிவுக்கு இவர்கள் எழுதியது. தன் கேள்விக்குத் தானே பதில் சொல்ல முடியாது, பக்கத்து எதிரியைக் கவிழ்க்கவும் முடியாது. இறுதிப் போட்டிக்கு மட்டும் பேரவையில் நாங்கள் எழுதினோம். அதனால் நம் கல்லூரி அணி விளையாடவில்லை. (இதற்காக என்னோடு இரண்டு வாரம் பேசாத நண்பர்கள் இருக்கிறார்கள்.)

உறைகள் வந்தன. பிரித்தால்... ஐயோ! "ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த வைணவ ஆச்சாரியார் யார்?" என்று மூன்று அணிகள். ராமானுஜருக்கே சலித்துப் போயிருக்கும். நாட்டுத் தலைநகரம், நதிக்கரை நகரம் என்று கைடில் இருந்து அப்படியே இறக்கினது ஒரு குவியல். ஒரு விடையில் சந்தேகம் வந்து அந்த அணிக்குப் போன் போட்டேன். "புக்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்கள். 'திருவிளையாடல்' படத்துத் தருமி ஞாபகம்தான் வந்தது. எழுதினது வேறு ஆள், அதனால் நக்கீரர் குற்றம் சொன்னதும் மனுஷனுக்குப் பதில் வரவில்லை.

ஆனால் அந்தக் குப்பைக்குள்ளே மாணிக்கமும் இருந்தது. ஒன்று இது: "கண்ணாடித் தகடு செய்ய உருகிய கண்ணாடியை உருகிய ஓர் உலோகத்தின் மேல் மிதக்க விடுகிறார்கள். கண்ணாடி சுமார் 1000 டிகிரி சென்டிகிரேடில் ஊற்றப்பட்டு, 600 டிகிரியில் தகடாக வெளியே வருகிறது. அப்போதும் அந்த உலோகம் உறையக்கூடாது, கொதிக்கவும் கூடாது. என்ன உலோகம்?" விடை வெள்ளீயம், அதாவது டின். 232 டிகிரியிலேயே உருகிவிடும். கொதிக்க 2,600 டிகிரி வேண்டும். மனப்பாடம் செய்தவனை விட யோசிக்கிறவனுக்குச் சாதகமான கேள்வி. தினமும் கண்ணாடி ஃபேக்டரி வாசலைத் தாண்டி வருகிற பையன் எழுதினது!

இன்னொன்று: "சாமான் தீரத் தீர அடுத்ததை அனுப்பும் முறையை டொயோட்டாவில் கொண்டு வந்த தாயிச்சி ஓனோவுக்கு, அமெரிக்காவின் எந்த வகைக் கடை வழிகாட்டியது?" சூப்பர் மார்க்கெட். அலமாரியில் எடுத்த அளவுக்குத்தானே திரும்ப அடுக்குகிறார்கள்! இதை எழுதின மாணவி ட்ரெயினிங் போன இடத்தில் கான்பான் அட்டையைப் பார்த்து, ஏன் எதற்கு என்று சூப்பர்வைசரைத் துளைத்தெடுத்தாராம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த சான்ட்ரோவுக்கு விளம்பரத்தில் நடித்த நடிகர் யார் என்று கேட்டபோது ஷாருக்கான் பேருக்கு எழுந்த விசிலைச் சொல்லவே வேண்டாம்.

சரி, என் தப்புக்கு வருகிறேன். கடைசி லீக் ஆட்டம். தாளில் இருந்தது: "வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் என்ன? விடை 0.02 மி.மீ." நான் வாசித்தேன். தமிழ் மீடியத்தில் இருந்து வந்த முதலாமாண்டுத் தம்பி ஒருவன் எழுந்து, "மீச்சிற்றளவு 0.01 சென்டிமீட்டர் சார்" என்றான். தாளைப் பார்த்தேன், தப்பு என்றேன். அடுத்த அணிக்குப் போச்சு, அவர்கள் 0.02 சொல்லி ஐந்து மார்க் வாங்கினார்கள். அதே ஐந்து மார்க்கில் தம்பியின் அணி தோற்றது.

ராத்திரி ஹாஸ்டலில் படுத்தபிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்து வெர்னியரில் 10 பிரிவு 9 மி.மீட்டருக்குச் சமம், அதன் மீச்சிற்றளவு 0.1 மி.மீ., அதாவது 0.01 செ.மீ. நம் வொர்க்‌ஷாப் காலிப்பரில் 50 பிரிவு 49 மி.மீட்டருக்குச் சமம், அதற்கு 0.02 மி.மீ. இரண்டும் வெர்னியர்தான். எந்த வெர்னியர் என்று கேள்வியில் இல்லை. அவன் சொன்னதும் சரி. மெக்கானிக்கல் மூன்றாமாண்டு படிக்கிற எனக்கு மேடையில் தாள்தான் தெரிந்தது, காலிப்பர் தெரியவில்லை.

"பார்த்தியா, இதுக்குத்தான் புத்தகம் வாங்கச் சொன்னோம்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைப் புத்தகத்திலும் அதே கேள்வி இருக்கலாம். அப்போது யாரைப் போய்க் கேட்பது? இங்கே எழுதின அணி அதே ஹாலில்தான் உட்கார்ந்திருந்தது. எழுந்து நின்று கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்கிற வழியை நாங்கள் வைக்கவில்லை. அந்தத் தம்பியும் கேட்கவில்லை. மீச்சிற்றளவு என்று தமிழில் சொன்னதுக்கு ஹாலில் சிரித்தார்களே, அதிலேயே பாதி குறுகிப் போயிருப்பான். அந்தச் சிரிப்பை நான் நிறுத்தவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் அவர்கள் கல்லூரிக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்றான். பரவாயில்லை என்று முகம் சொல்லவில்லை.

இந்த வருஷம் பேரவையில் சண்டை போட்டுச் சில விஷயங்களை வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே "இதையும் ஏற்கலாம்" என்று ஒரு வரி கட்டாயம். கேள்வி தமிழிலும் இங்கிலீஷிலும் வாசிக்கப்படும், பதில் எதில் வந்தாலும் சரி. கேள்விகளை முன்கூட்டியே பார்க்க இரண்டு டிபார்ட்மென்ட் ஆட்கள். மெக்கானிக்கல் கேள்வியை எலக்ட்ரிகல்காரர் படித்துக் குழம்பட்டும், அப்போதுதான் ஓட்டை தெரியும். ஆட்டம் முடிந்து ஐந்து நிமிஷத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம். எழுதின அணி பதில் சொல்லியாக வேண்டும். கைடில் இருந்து இறக்கினால் கட்டு திரும்பி வரும். ராமானுஜர் பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம், முந்தினவருக்கு முன்னுரிமை!

இதுவரைக்கும் இரண்டு உறை வந்திருக்கு. ஒன்று அந்தத் தம்பியின் கல்லூரியில் இருந்து. முதல் கேள்வியே வெர்னியர்தான். எத்தனை பிரிவு, எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாம் தெளிவாக எழுதி, கீழே "இதையும் ஏற்கலாம்" வரியில் இரண்டு அலகிலும் விடை போட்டிருக்கிறான்.