கேட்ட எழுத்து கிடைக்கவில்லை

பாத்தௌ என்ற சமய நெறியைப் பின்பற்றும் அஸ்ஸாமின் போடோ குடும்பங்களின் முற்றத்தில் சிஜௌ என்ற கள்ளிச்செடி நிற்கும். அதைச் சுற்றி மூங்கில் வேலி, வேலிக்கு ஐந்து கட்டு. தண்டின் ஐந்து வரப்புகளும் நிலம், நீர், தீ, காற்று, வானம். முள் இரட்டையாகத்தான் முளைக்கும். பிறப்பும் இறப்பும், இன்பமும் துன்பமும் அப்படித்தான் என்பார்கள். இந்தச் சின்னத்தை அந்த மக்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள். எந்த அரசும் கொடுத்ததல்ல.

எழுத்து விஷயத்தில் அந்த உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

அஸ்ஸாமின் பாசுகாவ் என்ற ஊரில் 1952 நவம்பர் 16 அன்று போடோ சாகித்ய சபா தொடங்கியது. 1963இல் போடோ மொழி தொடக்கப் பள்ளியில் பயிற்றுமொழி ஆனது. பாடநூல் அஸ்ஸாமிய எழுத்தில் இருந்தது. ரோமன் எழுத்தே வேண்டும் என்று முடிவெடுத்த சபா, 1974இல் ‘பிதோராய்’ என்ற பாடநூலை அதில் கொண்டுவந்தது. மாநில அரசு நிதியை நிறுத்தியது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. ரோமன் எழுத்துக்காக நடந்த போராட்டத்தில் 15 பேர் இறந்தார்கள். கடைசியில், 1975இல், மத்திய அரசு முன்வைத்த தேவநாகரியைச் சபா ஏற்றது. பிணக்கு அத்தோடு ஓயவில்லை. தேவநாகரியை ஆதரித்த சபாத் தலைவர் பினேஸ்வர் பிரம்மா 2000 ஆகஸ்டில் குவாஹாட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நான் ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். 1978இல் தமிழில் லை, ணை முதலிய சில எழுத்துகளின் வடிவத்தை மாற்றி அரசாணை வந்தது. அந்தச் சில எழுத்துகளுக்கே, அச்செழுத்துக் கேஸில் கை பழைய அறையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. புரூஃப் முழுக்கத் திருத்தம். போடோவில் மாறியது மொத்த எழுத்துமுறை. அப்பா ஓர் எழுத்தில் படித்திருப்பார், பிள்ளையின் பாடப்புத்தகம் வேறோர் எழுத்தில் இருக்கும். அந்த வீட்டில் பாடம் சொல்லித்தருவது யார்?

2003இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தத்தால் போடோ எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். ஒரு தலைமுறை தேவநாகரியில் எழுதிப் பழகிவிட்டது. அதைத் திரும்பக் கலைக்க வேண்டாம். பழைய எழுத்தில் அச்சான போடோ நூல்களையும் இதழ்களையும் இன்றைய பிள்ளைகள் வாசிக்கும்படி தேவநாகரியில் மறுபதிப்பாக்க வேண்டும். எழுத்தை மாற்றவைத்த மத்திய அரசே அந்தச் செலவை ஏற்கட்டும்.