“அதெல்லாம் இப்ப எதுக்கு?” – நம் வீட்டு மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது?

மணிவிழா மலர்களைப் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான தாளில், தாத்தாவும் பாட்டியும் மாலையோடு உட்கார்ந்திருக்கும் படத்தோடு, ஏழு தலைமுறை வம்சாவளியோடு அச்சாகி வரும். எந்தக் கோயிலில் முதல் மரியாதை, எந்தக் குளத்தை எந்தப் பாட்டனார் வெட்டினார், எத்தனை வேலி நிலம் இருந்தது என்று எல்லாமே அதில் இருக்கும். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கியது யார், அவர்களுக்கு எந்தப் படியால் கூலி அளந்தார்கள் என்பது மட்டும் இருக்காது. பாட்டனார் குளம் வெட்டினார் என்றால் மண்வெட்டியைப் பிடித்தது அவரா என்று எந்தப் பேரனும் கேட்பதில்லை.

நம் வீடுகளில் மலரும் இல்லை, வம்சாவளியும் இல்லை. என் அம்மாயி நாகை வட்டாரத்தில் பண்ணையில் நடவு நட்டவர். எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டால், “பெரும்புயலப்ப நான் நடக்குற புள்ள” என்பார். 1952 நவம்பர் 30 அன்று நாகையைப் புரட்டிப்போட்ட புயல் அது. ஆதார் அட்டையிலோ அவர் பிறந்தது ஏதோ ஒரு சனவரி 1. அதற்குமேல் கேட்டால் ஒரே பதில்தான்: “அதெல்லாம் இப்ப எதுக்கு? நீ நல்லாப் படி சாமி.”

அம்மாயியின் மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய மௌனத்தை ஒரு கொள்கையாக்கி, “பிள்ளைகள் சாதி தெரியாமல் வளரட்டும்” என்று நமக்கே உபதேசிக்கிறார்களே, அவர்களோடுதான் என் வழக்கு. படித்த, நகரத்துக்கு வந்த, முற்போக்கு பேசுகிற குடும்பங்களில்தான் இந்த உபதேசம் அதிகம் கேட்கிறது.

சாதி சொல்லாமல் வளர்த்த பிள்ளைக்கு அதை வேறு யாராவது சொல்லிக்கொடுத்தே தீருவார்கள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், “நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்கும் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுப்பார். கோட்டாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசும் கல்லூரி நண்பன் சொல்லிக்கொடுப்பான். அம்மாயியிடமிருந்து கேட்க வேண்டியதை எதிராளியின் வாயிலிருந்து முதல்முறை கேட்கிற பிள்ளை, குறை தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். வீட்டில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கோ இது மனிதர்கள் செய்த அநியாயம், இதனால் கொழுத்தவர்கள் இருக்கிறார்கள், இதை எதிர்த்து நின்றவர்கள் என் வீட்டிலேயே இருந்தார்கள் என்று தெரிந்திருக்கும்.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தை வெளியிட்டபோது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், பட்டங்கள் பெற்றவர். பெருமைகளை மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் கோவையில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து சக மாணவர்களோடு பழகாமல், பள்ளிக்கு வெளியே தனியாக இருந்துவிட்டு மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைந்த சிறுவனையும் எழுதினார். அண்ணல் அம்பேத்கரும் அப்படித்தான். அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட சிறுபிள்ளைப் பயணத்தில் வண்டிக்காரர் ஓட்ட மறுத்ததையும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவைக் கழித்ததையும் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு பிரதியில் எழுதி வைத்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1990இல்தான் அது தனி நூலாக வந்தது. மராட்டியத்தில் பேபி காம்ப்ளே தன் வாழ்க்கையை எழுதி, இருபது ஆண்டுகள் அதை வீட்டாருக்கே தெரியாமல் ஒளித்து வைத்திருந்தார். ஊரில் சாதிக்குப் பயம், வீட்டில் ஆணுக்குப் பயம். இரண்டையும் மீறி எழுதப்பட்டவை இவை. இவர்கள் பேசியிருக்காவிட்டால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

நாம் பேசாத இடத்தில் அவர்கள் பேசுவார்கள். கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்தன. 1940களில் செங்கொடி இயக்கம் அதை எதிர்த்து நின்றது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொல்லப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். பணக்காரரின் கௌரவம் சாட்சியாக எடுபட்டது, சேரியின் நினைவு எடுபடவில்லை. அந்தத் தீர்ப்பு இன்றும் ஆவணமாக இருக்கிறது. அதற்கு எதிராக நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டிய ஆவணம் எங்கே?

நீங்கள் ஆதிக்கச் சாதி வீட்டிலிருந்து வந்த தோழராக இருந்தால், உங்களுக்கும் வேலை இருக்கிறது. தலித் இலக்கியம் படித்துக் கண் கலங்குவதோடு அது முடியாது. உங்கள் தாத்தாவிடம் போய் உட்காருங்கள். “நம்ம வீட்டுல வேலை செஞ்சவங்க எந்த வழியா உள்ள வந்தாங்க? எதுல தண்ணி குடுத்தீங்க? அவங்க பேரு என்ன? வயசுல மூத்தவங்களையும் நீங்க வாடா போடான்னுதான் கூப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். அதை எழுதி உங்கள் பிள்ளைகளுக்கு வையுங்கள். அடிபட்டவர்களிடம் மட்டும் கதை கேட்கிற சமூகத்தில், அடித்தவர்கள் என்று ஒருவரும் இல்லாமல் போய்விடுகிறார்கள்.

நம் வீடுகளில் எப்படிக் கேட்பது? “சாதிக் கொடுமை அனுபவிச்சீங்களா?” என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள். டீ குடித்தது கொட்டாங்கச்சியிலா, தனிக் குவளையிலா? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தது எந்தத் தெரு முனையில்? பிணத்தை எந்த வரப்பு வழியாகத் தூக்கிப் போனீர்கள்? முதன்முதலில் முடியாது என்று சொன்னது யார், அவருக்கு என்ன ஆனது? ஆண்டு தெரியாவிட்டால் புயலை வைத்து, எம்.ஜி.ஆர். செத்த வருசத்தை வைத்துக் கணக்கிடுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். புதுச்சேரிப் பக்கத்துக் கூலித் தொழிலாளி வீரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல ஒலிநாடாவில் பதிவானது. தமிழில் அவர் சொன்ன கதை 1995இல் முதலில் புத்தகமாக வந்தது பிரெஞ்சில். அம்மாயிகளின் கதையைக் கேட்கப் பிரான்சிலிருந்து யாராவது வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்ததை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. வெளியிடலாமா, யாருக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. கதையைக் கழுவித் துடைக்காதீர்கள். “நாமும் ஆண்ட பரம்பரைதான்” என்ற போதை நம் தெருக்களிலும் விற்கப்படுகிறது. ராஜா கதை நமக்கு வேண்டாம், அது மணிவிழா மலரின் மலிவுப் பதிப்பு. அம்மாயியை அடித்த தாத்தாவும் கதையில் இருக்கட்டும். நமக்குக் கீழே என்று சொல்லி நம் வீட்டார் ஒதுக்கி வைத்த புதிரை வண்ணார் குடும்பமும் இருக்கட்டும். துயரம் மட்டுமே கதையும் அல்ல. நடவுப் பாட்டு, நண்டு பிடித்த வாய்க்கால், நாற்றைப் பார்த்தே நெல்லின் பெயர் சொல்லும் அறிவு, திருட்டுத்தனமாகப் பார்த்த சினிமா, ஊரை எதிர்த்துச் செய்துகொண்ட காதல் கல்யாணம் எல்லாம் நம் சொத்துதான். பட்டா இல்லாததால் அது சொத்தில்லை என்று ஆகிவிடாது.

வெண்மணி எரிந்த நாளில் பதினெட்டு வயதில் வயலில் நின்றவர்களுக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஒவ்வொரு சாவு வீட்டிலும் ஒரு ஆவணக் காப்பகத்தைப் புதைத்துவிட்டுத் திரும்புகிறோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கைப்பேசியைச் சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள், தோழர்களே. “அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்று கேட்டால், “எனக்குத் தெரியணும், என் புள்ளைக்கும் சொல்லணும்” என்று பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மறுநாளும் போய் உட்காருங்கள்.