கணக்கிற்கு எட்டாத விடை

படிகம் ஒன்றினுள் எலக்ட்ரான்கள் எவ்வாறு இயங்குகின்றன என்னும் வினா எளியதாகத் தோன்றலாம். விடை காண்பதோ அரிது. இரண்டே நிலைகளைக் கொண்ட துகள்கள் 300 இருப்பின், அவற்றின் கூட்டுநிலையை முழுமையாக விவரிக்க 2-இன் அடுக்கு 300 எண்கள் வேண்டும். நாம் காணவல்ல பேரண்டத்தின் அணுக்களினும் அவை மிகுதி. எந்தக் கணினியும் அவற்றைச் சேமிக்க இயலாது.

குவாண்டம் விதிகளின்படி இயங்கும் இயற்கையை, அவ்விதிகளின்படியே இயங்கும் கருவியால் ஒப்புருவாக்க வேண்டும் என்றார் ரிச்சர்டு ஃபெயின்மன், 1981இல். 2002இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இமானுவேல் புளோக் உள்ளிட்ட அறிவியலாளர்கள் அவ்வழியில் முன்னேறினர். கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் தாழ்ந்த வெப்பநிலையில், ருபீடியம் அணுக்களை லேசர் ஒளியாலான அணிக்கோவையில் இட்டனர். ஒளியின் செறிவு கூடியதும், தடையின்றிப் பரவியிருந்த அணுக்கள் தத்தம் இடங்களில் அடங்கின. செறிவு குறைந்ததும் பழைய நிலை மீண்டது.

இவ்வணுக்கள் பெரும்பாலும் மிக நெருங்கினாலன்றி ஒன்றையொன்று தாக்குவதில்லை. பொட்டாசியமும் ருபீடியமும் இணைந்த முனைவுற்ற மூலக்கூறுகளோ தொலைவிலிருந்தும் தாக்கவல்லவை. அவை தம் இடம்விட்டுப் பெயராமலே சுழற்சி நிலைகளைப் பரிமாறிக்கொள்வதை அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தனர்.

கணினியால் சரிபார்க்க இயலாத விடையை நம்புவது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. எடை தெரிந்த கல்லால் தராசைச் சோதித்த பின்னரே எடை தெரியாத பொருளை நிறுக்கிறோம். ஒப்புருவாக்கக் கருவிக்கும் அதுவே முறையாதல் வேண்டும். அணுக்கள் சமநிலையை நோக்கிச் செல்லும் போக்கை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டுச் சோதனையொன்றில், கணினி பின்தொடர முடிந்த காலம்வரை கணக்கும் அளவீடும் ஒத்திருந்தன. அதற்கப்பால் அளவீடு மட்டுமே தொடர்ந்தது. அவ்வொற்றுமையே பிற்பகுதியை நம்புவதற்கு அடிப்படை. வேறு அணுவும் வேறு கருவியும் அதே விடையைத் தருமாயின் அந்நம்பிக்கை மேலும் வலுப்பெறும்.

1986இல் கண்டறியப்பட்ட உயர்வெப்பநிலை மீக்கடத்திகளின் இயங்குமுறை இன்றும் முற்றாக விளங்கவில்லை. அத்தகைய புதிர்களுக்கு நாளை இக்கருவிகள் விடை கூறலாம். கருவி கூறியது என்பதற்காகவே ஏற்பதும், கணக்கிற்கு எட்டவில்லை என்பதற்காகவே மறுப்பதும் அறிவியல் நெறி ஆகா. எந்த விடையையும் சோதித்து ஏற்கும் பழக்கத்தை மாணவர்கள் இன்றே கைக்கொள்ள வேண்டும்.