கட்டமும் வழக்கும்

குறுக்கெழுத்துப் புதிர் மேல்நாட்டார் தந்த விளையாட்டு. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வோர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்ட புதிரையே அதன் தொடக்கமாகக் கொள்வர். இன்று தமிழ் இதழ்களிலும் சங்க விழாப் போட்டிகளிலும் அது இடம்பெறுவது மகிழ்வுக்குரியதே. ஆயினும், புதிர் அமைப்போர் சிலர் ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துவடிவந்தான் உண்டெனக் கொண்டு, பிறவற்றைப் பிழையென அடித்துவிடுகின்றனர். இப்போக்கினை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ராமச்சந்திராபுரம்’ என எழுதினால் 10 கட்டங்கள். ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாதென்று இகரம் சேர்த்தால் 11. வடசொல்லின் ரகரத்திற்கு முன் அ, இ, உ என்னும் குறில்களுள் ஒன்று வரும் என்பது நன்னூல் விதி. ‘ஐயா’வுக்குக் கட்டம் 2, ‘அய்யா’வுக்கு 3. இவ்விரண்டும் ஒத்தொலிக்கும் என்பதும் நன்னூல் கருத்தே. பெரியார் வற்புறுத்திய எழுத்துச் சீர்திருத்தங்களுள் சிலவற்றைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றபோதும், ஐ, ஔ என்னும் எழுத்துகளை நீக்கவில்லை. ஆகவே இருவடிவமும் அச்சில் வாழ்கின்றன. கோயில், கோவில், பவளம், பவழம், பந்தல், பந்தர் — இவற்றில் கட்ட எண்ணிக்கை ஒன்று, எழுத்தே வேறு. இவற்றுள் எதனைப் பிழையென்பது?

“அவ்வாறாயின் எதை எழுதினாலும் சரியோ?” என வினவுவார் உளர். அன்று. ‘முயற்ச்சி’ பிழையே, றகர ஒற்றை அடுத்து மற்றோர் ஒற்று வாராது. இலக்கணமும் சான்றோர் வழக்கும் ஏற்ற இருவடிவம் வேறு; அறியாமையால் நேரும் பிழை வேறு. இவ்வேறுபாடு அறியாதார் விடைத்தாள் திருத்தப் புகுதல் முறையன்று.

இது சிறு செய்தியன்று. பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையை ஒட்டி இங்குக் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழைப் பாடமாகப் பயிலும் வாய்ப்பற்றவர். தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம். தமிழோ, பாட்டியிடமும் வார இதழிலும் கற்றது. ‘கோவில்’ எனச் சரியாக எழுதிய குழந்தையின் தாளில் சிவப்புக் கோடு விழுமாயின், பாட்டி கற்பித்த தமிழே பிழையென அது எண்ணாதோ? அதன்பின் மற்றொரு புதிருக்குப் பென்சிலை எடுக்குமோ?

புதிர் அமைப்போர் செய்யத்தக்கன மூன்று. வடிவங்களின் நீளம் வேறுபடுமாயின், குறிப்பின் இறுதியில் எழுத்தெண்ணிக்கை தருக. நீளம் ஒத்து எழுத்து வேறுபடுமாயின், அக்கட்டத்தின் வழியே மேலிருந்து கீழாகச் செல்லும் சொல்லொன்றை அமைக்க. ‘யி’யா ‘வி’யா என்பதை அச்சொல்லே தீர்த்துவைக்கும். இவ்விரண்டும் இயலாவிடத்து, இரு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்குக.

ஐயத்திற்கு இடம்வைத்தவர் புதிர் அமைத்தவரே. அதற்குரிய தண்டம் விடை எழுதிய குழந்தைக்கு உரியதன்று. அடுத்த ஆண்டுவிழாப் போட்டியிலேயே இம்முறையைக் கைக்கொள்வோமாக.