கலங்கள் விடும் தூது

அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூதாக விட்டுப் பாடுவது தமிழ்ப் புலவர் மரபு. பிரிந்திருக்கும் இருவரிடையே செய்தி செல்லவேண்டுமாயின் இடையே ஒரு தூது வேண்டுமன்றோ? நமது உடம்பினுள்ளும் இத்தகைய தூது இரவுபகலாக நடைபெறுகின்றது. மனித உடம்பில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் உள்ளன. ஒவ்வொரு கலமும் மென்சவ்வு என்னும் வேலிக்குள்ளே வாழ்கின்றது. கத்தி பட்டு விரலிற் காயம் உண்டானாற் சில நாட்களிற் புதிய தோல் வளர்ந்து அதனை மூடுகின்றது. மூடியதும் வளர்ச்சி நின்றுவிடுகின்றது. வளரும்படி கட்டளையிட்டது யாது? அக்கட்டளை வேலிகளைக் கடந்து சென்றது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டோருள் ரீற்றா லெவி-மொந்தால்சினி என்னும் பெண்மணியை முதலிற் குறிப்பிடல் தகும். இத்தாலியின் தூரின் நகரில் 1909ஆம் ஆண்டு பிறந்த அவர் 1936இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1938இல் முசோலினியின் அரசு இயற்றிய இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களினின்றும் விலக்கின. யூத குலத்தவரான ரீற்றா மனந்தளரவில்லை. தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையலூசிகளைத் தீட்டிச் சத்திரக் கருவிகள் செய்துகொண்டார். கோழிமுட்டைகள் அவருடைய ஆய்வுப் பொருள்களாயின. வளரும் கோழி முளையத்தின் கால் அரும்பை வெட்டினால், அக்காலை நோக்கிச் செல்லவேண்டிய நரம்புக் கலங்கள் தோன்றி வளர்ந்து பின்னர் மடிவதைக் கண்டார். காலிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒன்று வாராமையாலேயே அவை மடிந்தன என்பது அவர் கொண்ட துணிபு.

போரின் பின்னர், 1947இல், அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் விக்ரர் ஹம்பேர்கர் அவரை அழைத்தார். சில மாதங்களுக்கென்று சென்றவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்குப் பணிபுரிந்தார். சுண்டெலியின் புற்றுநோய்க் கட்டியொன்றைக் கோழி முளையத்தில் ஒட்டியபோது நரம்பிழைகள் அளவிறந்து வளர்ந்தன. கட்டி முளையத்தைத் தொடாது வெளிச்சவ்வில் இருந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆகவே, கட்டியிலிருந்து கரைந்து பரவும் பொருள் ஒன்று உண்டென்பது தெளிவாயிற்று.

அப்பொருளைப் பிரித்தெடுக்கும் பணியில் 1953இல் இரசாயன அறிஞர் ஸ்ரான்லி கோஹென் இணைந்தார். அது எவ்வகைப் பொருளென அறியும்பொருட்டுப் பாம்பின் நஞ்சை அதனுடன் கலந்தார். நஞ்சிலுள்ள நொதியம் கருவமிலத்தைச் சிதைக்கும். அதனால் வளர்ச்சி குறைகின்றதா என்று பார்ப்பதே நோக்கம். வியப்பென்னவெனில், வளர்ச்சி பன்மடங்கு பெருகியது! அதே பொருள் நஞ்சிலேயே மிகுதியாக இருந்தமைதான் காரணம். பாம்பின் நச்சுப் பை உமிழ்நீர்ச் சுரப்பியின் இனத்தது என்பதை எண்ணிச் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்தபோது அங்கும் அது கிடைத்தது. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம். அச்சுரப்பியின் சாற்றைப் பெற்ற சுண்டெலிக் குஞ்சுகள், இரு வாரத்தில் திறக்கவேண்டிய கண்களை ஒரு வாரத்திலேயே திறந்தன. அதன் காரணத்தைத் தேடிச் சென்ற கோஹென் மேற்றோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டார். 1986இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வளர்ச்சிக் காரணியை வாய்மொழித் தூது எனலாம். கலத்தின் மேற்பரப்பில் அதற்கெனவே அமைந்த வாங்கி என்னும் புரதத்தில், பூட்டுக்குத் திறப்புப் பொருந்துவதுபோல, அது பொருந்துகின்றது. உடனே கலத்தினுள்ளே வளர்ச்சிக்கான வேலைகள் தொடங்குகின்றன.

இனி, ஓலைத் தூதைப் பார்ப்போம். கலங்கள் தம் மென்சவ்வினாலேயே சிறு பைகளைச் செய்து, அவற்றினுள்ளே பல பொருள்களை வைத்து வெளியே விடுகின்றன. இவற்றைக் கலப்புறப் புடகங்கள் என்று கூறலாம். இவற்றுட் சிறியவை 30 முதல் 150 நனோமீற்றர் வரை குறுக்களவுடையவை. 100 நனோமீற்றர் அளவான பத்தாயிரத்தை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் நீளமே வரும்! 1967இல் பீற்றர் வுல்வ் என்பவர் குருதிச் சிறுதட்டுக்களிலிருந்து வரும் இத்தகைய துணிக்கைகளைத் தூசு என்றே வருணித்தார். 1983இல் மொன்றியல் நகரில் றோஸ் ஜோன்ஸ்ரனின் குழுவினரும், முன்னர் கூறிய வாஷிங்ரன் பல்கலைக்கழகத்திற் பிலிப் ஸ்ராலின் குழுவினரும், முதிர்ந்துவரும் செங்குழியங்கள் தமக்கு வேண்டாத புரதங்களைப் பைகளில் இட்டு வெளியேற்றுவதைக் கண்டனர். எனவே, இவை கலத்தின் குப்பைக்கூடைகள் என்னும் எண்ணமே நெடுநாள் நிலவியது.

1996இல், நோயெதிர்ப்புக் கலங்கள் விடும் புடகங்கள் ஏனைய கலங்களைத் தூண்டவல்லவை என அறியப்பட்டது. 2007இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்.என்.ஏ. என்னும் கட்டளை ஓலையையும் இப்பைகளினுள்ளே கண்டனர். சுண்டெலிக் கலத்தின் பைகளை மனிதக் கலங்களுக்குக் கொடுத்தபோது, அம்மனிதக் கலங்கள் சுண்டெலியின் புரதத்தைச் செய்யத் தொடங்கின! குப்பை என ஒதுக்கியது முத்திரையிட்ட மடலாயிற்று. வளர்ச்சிக் காரணிகளுஞ் சில இம்மடல்களில் ஏறிச் செல்கின்றன.

ஆயினும் தூது எப்பொழுதும் நன்மைக்கே செல்வதில்லை. மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கி பழுதுற்று ஓயாது கட்டளையிடுவது சில நுரையீரற் புற்றுநோய்களுக்கு ஏதுவாகின்றது. புற்றுநோய்க் கலங்கள் விடும் புடகங்கள், அந்நோய் பரவவேண்டிய உறுப்பை முன்கூட்டியே பண்படுத்தி வைக்கின்றன என 2015இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. ஆகவே, யார் விட்ட தூது, எவரிடம் செல்கின்றது, என்ன சொல்கின்றது என்பவற்றை அறியாமல் அதனை உடம்பினுட் செலுத்துதல் ஆபத்தாகும்.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. முழங்கால் நோவு தீரும், முடி வளரும், முதுமை நீங்கும் என்று கூறி இப்புடகங்களைப் பெருவிலைக்கு விற்போர் பல நாடுகளிலும் தோன்றியுள்ளனர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அங்கீகாரமற்ற இத்தகைய மருந்தைப் பெற்ற நோயாளர் சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். 2019 டிசம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் பொதுமக்களை எச்சரித்தது. அன்று இவ்வகை மருந்தெதுவும் அங்கு அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை.

நரம்பு வளர்ச்சிக் காரணியோ, கண்ணின் கருவிழிப் படலத்து நோயொன்றிற்குரிய சொட்டுமருந்தாக 2018இலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. நோயுற்ற பெற்றோரையோ பிள்ளையையோ வீட்டில் வைத்திருப்போர்க்குக் காத்திருத்தல் எளிதன்று. அவர்களுடைய துயரையே இவ்விற்பனையாளர் முதலாக்குகின்றனர். ஆதலின், நகையை ஈடு வைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இம்மருந்தை எந்நாட்டு அதிகாரசபை அங்கீகரித்தது? எந்நோய்க்கு? எத்தனை பேரிற் பரிசோதிக்கப்பட்டது? விடை தெளிவாகக் கிடையாவிடின் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்கள் நோயை அறிந்த வைத்தியரிடம் செல்லுங்கள். விலங்கியல் பயிலும் மாணவர்களோ, இத்துறையில் விடை காணாத வினாக்கள் இன்னும் நிரம்ப உண்டு என்பதை மனத்திற் கொள்வார்களாக.