ஆலிவ் எண்ணெயில் இல்லை ஆயுசு

"நோயில்லாத முதுமை வேண்டுமா? மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவுமுறைக்கு மாறுங்கள்." முதியோர் முகாம் மேடைகளில் பல ஆண்டுகளாக இதே பேச்சு. கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பாட்டிகளிடம் ஆலிவ் எண்ணெயையும் சால்மன் மீனையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம்.

அவர்கள் சொல்வதில் முதலாவது, "ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது" என்பது. அவர்கள் ஆதாரமாகக் காட்டும், இந்த உணவுமுறை பற்றிய பிரெடிமெட் ஆய்வு ஸ்பெயினில் நடந்தது. 2013இல் வெளியான கட்டுரையை, ஆட்களைக் குழு பிரித்ததில் குறை இருந்ததால் திரும்பப் பெற்று, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் ஒரு குழுவினரின் வீடுகளுக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இலவசம். இங்கே யார் கொடுப்பார்கள்? கேரளத்தில் முதியோர் ஓய்வூதியம் சில ஆண்டுகள் மாதம் 1,600 ரூபாயாகவே நின்றது. மாதம் நாலு லிட்டர் எண்ணெய்க்கு அது எந்த மூலைக்கு?

இரண்டாவது, "ஆலிவ்தான் இதயத்துக்குக் காவல்" என்பது. அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்விலேயே இதய நோய் குறைவாக இருந்த நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கே ஆலிவ் ஏது? அந்த ஏழில் இந்தியா இல்லவே இல்லை.

மூன்றாவது, "நம் சாப்பாடு வெறும் மாவுச்சத்து" என்பது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் பழங்குடிகளான இருளரும் முடுகரும் குறும்பரும் ராகியும் சாமையும் துவரையும் அவரையும் விதைத்து உண்டவர்கள். ராகிக் களி, பருப்பு, கீரை என்று அவர்கள் தட்டில் இருந்தவை, மேடையில் புகழப்படும் முழுத் தானியமும் பயறும் இலைகளும்தானே! வயது ஏற ஏறச் சதை வற்றும்; அதைத் தாங்கப் புரதம் வேண்டும். அதைத் துவரையும் அவரையும் கொடுத்தன. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேடையில் இவற்றின் பேரைக்கூட யாரும் எடுப்பதில்லை. பின்னாளில் அட்டப்பாடிப் பழங்குடிகளின் நிலம் கைமாறியது. களி இருந்த இடத்தில் ரேஷன் அரிசி வந்தது. வெறும் சோறும் ஊறுகாயும் அதற்குப் பின் வந்த வறுமை. அந்த வறுமையைப் பார்த்துவிட்டு "உங்கள் உணவே இப்படித்தான்" என்பது அநியாயம்.

நான்காவது, "மத்தியதரைக் கடல் ஊர்களில் நூறு வயது வாழ்கிறார்கள்" என்பது. மேட்டில் ஏறி இறங்கிப் பாடுபட்ட உடம்புகள் அவை. எண்ணெய்க்கு மட்டும் பெருமை கொடுக்க வேண்டாம்.

அடுத்த முகாமில் மைக்கைப் பிடிப்பவர்கள், முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் முதலில் கேட்கட்டும்: "வீட்டில் களி கிண்டுகிறீர்களா அம்மா? பருப்பு வாங்கக் காசு இருக்கிறதா?"