பேரமா, பகற்கொள்ளையா?

“பேரம் பேசத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான், தெரியாதவன் ஏமாந்தால் வியாபாரி என்ன செய்வான்?” பழைய கார் வியாபாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சிலர் இப்படி உபதேசம் செய்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கு இந்த உபதேசம் புதிதல்ல. கூலி பேசும் இடத்திலும் அவன் இதைத்தான் கேட்டு வந்திருக்கிறான். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. முன்பணக் கடனும் அவரிடமே. அங்கே தனியாளாக நின்று எத்தனை சாமர்த்தியம் காட்டினாலும் கூலி ஒரு காசு ஏறுமா?

தறியில் பிழைப்பு இல்லையென்று, வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க நெசவாளி வீட்டுப் பிள்ளை புறப்படுகிறான். இதே ஜில்லாவில், இருங்காட்டுக்கோட்டையில், 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகின்றன. ஆனால் புதுக் கார் அவனுக்கு எட்டாக்கனி. பழைய கார் கடைக்குத்தான் அவன் போகவேண்டும்.

அங்கே யாருக்கு என்ன தெரியும்? வண்டி விபத்தில் நொறுங்கியதா, வெள்ளத்தில் மூழ்கியதா, ஓடிய கிலோமீட்டர் குறைத்துக் காட்டப்பட்டதா என்பதை அறிய வழியுள்ளவர் வியாபாரி. வாங்குபவன் காண்பது புதுப் பெயிண்டை! இப்படிப்பட்ட சந்தை நல்ல சரக்கையே விரட்டிவிடும் என்று 1970-ல் பழைய கார்களையே உதாரணமாக வைத்து எழுதினார் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் ஏகர்லாஃப். 2001-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் கம்யூனிஸ்டு அல்ல!

பேரம் படிந்தபின் “ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி” என்று யாராவது சொன்னால், கணக்குப் போடுங்கள். பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுத்தது உண்மை. ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகை பெறாத வியாபாரிக்கு அந்த வரி லாபத்தின் மீதுதான். 2,00,000 ரூபாய்க்கு வாங்கி 2,40,000-க்கு விற்றால், 40,000-க்கு வரி 7,200 ரூபாய். முழு விலைக்கும் வசூலித்தால் 43,200! மீதி 36,000 யார் பைக்குப் போகிறது?

அடுத்தது தவணை. “12 சதவீதம்தான்” என்பார்கள். 2,00,000 கடனுக்கு நான்கு வருஷமும் முழு அசலுக்கே வட்டி போட்டால் வட்டி 96,000. மாதாமாதம் அசல் குறைவதைக் கணக்கிட்டால் உண்மை வட்டி 20 சதவீதத்தைத் தாண்டும்.

விற்கிற ஏழைக்கும் ஆபத்து உண்டு. பெயர் மாற்றாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிப்படி, அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற வியாபாரியிடம் முறைப்படி ஒப்படைத்தால் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கேளாதவனைத் தேடிச் சட்டம் வராது.

ஆகவே, பேரம் என்பது சாமர்த்தியப் பிரச்னை அல்ல, பலத்தின் பிரச்னை. ஜரிகையில் வெள்ளி எவ்வளவென்று பரிசோதிக்க யந்திரம் இருக்கும்போது, பழைய வண்டியைப் பரிசோதித்துச் சான்றளிக்க ஜில்லாதோறும் சர்க்கார் நிலையம் ஏன் கூடாது? வண்டியின் சர்வீஸ் விவரம், வியாபாரியின் கொள்முதல் விலை, உண்மை வட்டி ஆகியவற்றை எழுத்தில் கொடுப்பதை ஏன் கட்டாயமாக்கக் கூடாது?

இந்தக் கோரிக்கைகளுக்காகப் போராடுவோம். அதுவரை எவரும் கடைக்குத் தனியே போகவேண்டாம். டிரைவர் சங்கத் தோழரையும் நம்பகமான மெக்கானிக்கையும் அழைத்துச் செல்லுங்கள். கூலிக்கு ஒன்றுபட்டவர்கள் விலைக்கும் ஒன்றுபடட்டும்!